ஃபிரிட்ஜ் மேல் இருந்த பெட்டியும் பதிவின்மைச் சான்றும்

முத்து சங்கு குளிப்போர் நல வாரியத்தின் தூத்துக்குடி வட்டார அலுவலகம் மில்லர்புரத்தில் ஒரு வீட்டு ஹாலில் இயங்கி வருகிறது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கொரோனா காலத்தில், ‘பணியாளர்கள் மறு உத்தரவு வரும் வரை இல்லத்திலிருந்தே பணிபுரியலாம்’ என்று சென்னைத் தலைமையகம் ஓர் உத்தரவு போட்டது. உத்தரவு வந்து சேர்ந்தது. மறு உத்தரவு வரவில்லை. அதைப் போட வேண்டிய அதிகாரியும் அவர் இல்லத்தில்தான் இருக்கிறார் என்று கேள்வி.

ஆகவே கண்காணிப்பாளர் மந்திரமூர்த்தி அவர்கள் சாப்பாட்டு மேஜையில் அமர்ந்து வாரியத்தை நடத்துகிறார். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அது அரசாங்கம். கீழே கட்டம் போட்ட சாரம், அது சொந்தம். பீச் ரோட்டில் வாரியத்துக்கு இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அதைப் பூட்டி, காசிலிங்கம் என்ற காவலாளி காத்து வருகிறார். தினமும் மாலை ஐந்து மணிக்கு, ‘இன்று யாரும் வரவில்லை’ என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வாரியத்தில் நாள் தவறாமல் நடக்கும் வேலை அது ஒன்றுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கட்டடத்துக்கு எதிரில்தான் என் கடை. லிங்கராஜ் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் மனு. இந்தப் பக்கத்தில் யார் பிறந்தாலும் இறந்தாலும் என் கடைக்கு வந்து போகாமல் அரசாங்கத்துக்குச் செய்தி போகாது.

வாரியத்தின் ஆவணங்கள் எல்லாம் ஒரே ஒரு பெட்டியில் இருக்கின்றன. கறுப்பு நிறம், இட்லிப் பானை அளவு. ஒரு வருஷம் எல்லா அலுவலகங்களிலும் காகிதத்தை ஒழிப்பது நாகரிகமாக இருந்தது. அப்போது அறுநூற்றுச் சொச்சம் சங்கு குளிப்பவர்களின் கோப்புகளை ஸ்கேன் செய்து இந்தப் பெட்டியில் ஏற்றினார்கள். பழைய காகிதங்களை என்ன செய்வது என்று தலைமையகத்தைக் கேட்டார்கள். பதில் வருவதற்குள் கரையான் முடிவெடுத்துவிட்டது. பெட்டியை மந்திரமூர்த்தி வீட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்து, ஒரு வயரால், வாரியம் வாங்கிக் கொடுத்த மோடத்தோடு இணைத்தார்கள். அவருடைய லேப்டாப்பில் பெட்டியின் பெயர் தெரியும், தட்டினால் திறக்கும். வாரியம் என்பது அவ்வளவுதான்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெயர் தெரியவில்லை.

இதை முதலில் அறிந்த குடிமகன் பாஸ்கல். திரேஸ்புரத்துக்காரர், இருபத்தாறு வருஷமாகக் கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். அவருடைய வாரிய அட்டையின் காலம் முடிந்துவிட்டது. அட்டை இல்லாத ஆள் ரோந்துப் படகிடம் சிக்கினால் அவர் ஏறிப் போன வள்ளத்தையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். அதனால் வள்ளக்காரர் செபாஸ்டின், ‘அட்டையோடு வந்தால் ஏறு, இல்லாவிட்டால் கரையிலேயே நில்’ என்று சொல்லிவிட்டார். இன்னும் மூன்று வாரத்தில் கச்சான் காற்று கிளம்பிவிடும். கிளம்பினால் கடல் கலங்கி அடியில் ஒன்றும் தெரியாது. மாதக் கணக்கில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். துணைக்கும் போனேன்.

மந்திரமூர்த்தி லேப்டாப்பை இரண்டு தரம் மூடித் திறந்தார்.

“பெட்டியக் காணும்” என்றார்.

பாஸ்கல் நிமிர்ந்து பார்த்தார். “அந்தா அங்கன ஃபிரிட்ஜ் மேலதான சார் இருக்கு.”

“அது ஒமக்குத் தெரியுது வே. நெட்வொர்க்குக்குத் தெரியலயே.”

“லைட்டு கூட எரியுதே சார்.”

“கண்ணுக்குத் தெரியுதத வச்சு அட்ட குடுக்க முடியுமா? நாளைக்கி ஆடிட்டுல கேட்டா, ஃபிரிட்ஜ் மேல பாத்தேன்னு எழுதட்டுமா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயை எல்லோரும் பார்க்கத் தட்டில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

தலைமையகத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ரம்யா என்று ஒரு பெண் எடுத்தார். அவர் கையில் பதினான்கு கேள்விகள் கொண்ட சுற்றறிக்கை ஒன்று இருந்தது.

“சார், பெட்டியில லைட் எரியுதா?”

“எரியுது.”

“என்ன கலர்? பச்சையா, சிவப்பா?”

“நீலம்.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “சார், படிவத்துல பச்சையும் சிவப்பும்தான் இருக்கு.”

“நீலமாத்தாம்மா எரியுது.”

“எது கிட்டத்துல வருதுன்னு பாத்துச் சொல்லுங்க சார்.”

மந்திரமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் பாஸ்கலைப் பார்த்தேன். “பச்சைன்னு போட்டுக்கிடச் சொல்லுங்க சார்” என்றார் பாஸ்கல். “தண்ணிக்கடியில பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்.”

அடுத்தது, பெட்டியை அணைத்துத் திரும்பப் போடுவது. வாரியத்தின் மின்சாதனம் எதையும் மின் உதவியாளர் முன்னிலையில்தான் அணைக்க வேண்டும் என்பது விதி. மின் உதவியாளரும் தம் இல்லத்திலிருந்துதான் பணிபுரிகிறார், இல்லம் வேம்பாரில். அவர் வீடியோ காலில் முன்னிலை வகிக்க, மந்திரமூர்த்தி சுவிட்சைத் தட்டினார். பெட்டி அணைந்தது, எரிந்தது, மறுபடியும் நீலம். பதினான்காவது கேள்வி, ‘சாதனம் இப்போது நெட்வொர்க்கில் தெரிகிறதா?’ என்பது. இல்லை என்றதும் ரம்யா, “அப்ப முதல் கேள்வியிலருந்து ஆரம்பிக்கணும் சார்” என்றார்.

இத்தனையையும் மந்திரமூர்த்தியின் மனைவி சீனித்தாய் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, ஃபிரிட்ஜத் தொறந்து தயிர எடுத்துக்கிடலாமா?”

“இருளா, பெட்டி ஆய்வுல இருக்கு.”

வியாழக்கிழமை, தொழில்நுட்ப ஆலோசகர் பெவின் வந்தார். பெங்களூரில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். காதில் வெள்ளைக் குமிழ், மணிக்கட்டில் இதயத்துடிப்பை எண்ணும் கடிகாரம். இப்போது எந்த அலுவலகத்திலும் இப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்வதுதான் அந்தஸ்து. அவர் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“சார், பெட்டி காணாமப் போனது பிராப்ளம் இல்ல. நம்ம மைண்ட்செட்தான் பிராப்ளம்.”

மந்திரமூர்த்தி அதைக் குறித்துக்கொண்டார்.

“நமக்குத் தேவை விசிபிலிட்டி. இருபத்தி நாலு மணி நேரமும் ஹெட் ஆபீஸ் இந்தப் பெட்டிய பாத்துக்கிட்டே இருக்கணும்.”

ஃபிரிட்ஜுக்கு நேரெதிரே சுவரில் ஒரு கேமராவை மாட்டினார். அது ஒரே நிமிஷத்தில் வைஃபையைப் பிடித்துக்கொண்டது. அன்று முதல் சென்னைத் தலைமையகத்தின் பெரிய திரையில் பெட்டி நேரலையில் தெரிந்தது. எவ்வளவு தெளிவு என்றால், மறுநாள் ரம்யா போன் செய்து, “சார், பெட்டி மேல பல்லி ஓடுது” என்று எச்சரித்தார். பெட்டிக்குள் இருக்கும் பாஸ்கலின் கோப்பு மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. முற்பகல் 11.40 மணிக்கு அடையாளம் தெரியாத பெண்மணி ஒருவர் பெட்டிக்குக் கீழேயிருந்து தயிர் எடுத்துச் சென்றது குறித்து விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் வந்தது.

பாஸ்கல் தினமும் வந்து நின்றார். தண்ணீருக்குள் தன் கயிறும் மூச்சுக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்துப் பார்த்துப் பழகிய மனிதர். சனிக்கிழமை, பேச ஒன்றும் இல்லாத நேரத்தில், பெட்டியிலிருந்து கிளம்பும் வயரின் பின்னாலேயே கண்ணை ஓட்டிக்கொண்டு போனார். அது டிவிக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய மோடத்தில் போய் முடிந்தது. அந்த மோடத்துக்கு ஆன்டெனா ஒடிந்து பல நாள் ஆகியிருக்கும். டிவிக்கு மேலே, நான்கு கொம்பு வைத்த வெள்ளை மோடம் ஒன்று புதுசாக மினுங்கியது.

“சார், இதென்ன ரெண்டு இருக்கு?”

“மேல உள்ளது புதுசு வே. சீரியல் நின்னு நின்னு வருதுன்னு வீட்டுல ஒரே சண்ட. ஃபைபர் போட்டாச்சு. லேப்டாப்பு இப்பம் அதுலதான் ஓடுது.”

“எப்பம் போட்டிய?”

“போன திங்கக்கெழம.”

பெட்டி காணாமல் போனது செவ்வாய்க்கிழமை. இதை அந்த வீட்டில் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

“மாதாவே!” என்றார் பாஸ்கல். “பெட்டி பழசுல கெட்டிக் கெடக்கு. நீங்க புதுசுல நின்னு கூப்புடுதிய. ஒரு வள்ளத்துல கயித்தக் கெட்டிட்டு ஆளு எறங்கியிருக்கான். இன்னொரு வள்ளத்துல நின்னு இழுத்தா எப்பிடி சார் மேல வருவான்? அந்த வயரப் புடுங்கி இதுல சொருகுனா சோலி முடிஞ்சி.”

கையையும் நீட்டிவிட்டார்.

“தொடாதேயும் வே!” மந்திரமூர்த்தி சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். “பழைய மோடம் வாரியச் சொத்து. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல பதினேழாம் நம்பர். அதுலருந்து ஒரு வயரக் கழட்டணும்னா மொதல்ல அது கழிவுன்னு முடிவாவணும். அதுக்குக் கழிவுக் குழு கூடணும்.”

“கூட்டுங்களேன் சார்.”

“குழுவுல மூணு பேரு. ஒருத்தர் ரிட்டயர் ஆயிட்டார். ஒருத்தர் காலமாயிட்டார். மூணாவது ஆளு நான். கொறஞ்சது ரெண்டு பேராவது வேணும்.”

“அப்பம் புதுச எடுத்துட்டுப் பழசுலயே நெட்டு குடுங்க.”

“அத அவகிட்டச் சொல்லும்.”

பாஸ்கல் அடுக்களைப் பக்கம் பார்த்தார். சொல்லவில்லை.

“வேணும்னா ஒண்ணு செய்யலாம்” என்றார் மந்திரமூர்த்தி, மனமிரங்கி. “புது ஆளா விண்ணப்பம் போடும்.”

“இருவத்தாறு வருசமா குளிக்கேன் சார்!”

“அதுக்குத்தான் பதிவு இல்லையே. புது ஆளுன்னா, பதிவு பெற்ற சங்கு குளிப்பவர் ஒருத்தர், ‘இன்னாருக்கு மூழ்கத் தெரியும்’னு கையெழுத்துப் போடணும்.”

“பதிவு பெற்ற ஆளு யாரு?”

“அது பெட்டியில இருக்கும்.”

பாஸ்கலுக்குக் கண் சிவந்துவிட்டது. “பத்துப் பாகம், பத்து ஆள் ஆழத்துல மணலுக்குள்ள பொதைஞ்சு கெடக்குத சங்க நான் தடவி எடுத்துருவேன் சார். ஒங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல இருக்கத எடுக்க முடியல. கச்சான் வந்துட்டா எம் புள்ளையளுக்கு வாரியமா சோறு போடும்?”

“உணர்ச்சிவசப்படாதேயும். வாரியமே ஒங்களுக்காகத்தான இருக்கு.”

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு மோடம் இருப்பதை முதல் நாளே நானும் பார்த்தேன். என் கடையிலும் இதே வயர்தான். ஆனால் பெட்டி தெரியாத ஒவ்வொரு நாளும் வாரியத்துக்கு ஒரு புது மனு போகிறது. ஒவ்வொரு மனுவுக்கும் மூன்று நகல். வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிற எந்தக் கடைக்காரரையும் கேட்டுப் பாருங்கள்.

பாஸ்கல் போட்ட சத்தமோ என்னவோ, அடுத்த புதன்கிழமை கழிவுக் குழு கூடிவிட்டது. ரிட்டயரான உறுப்பினரை, ‘அனுபவம் கருதி’ ஆன்லைனில் வரவழைத்தார்கள். காலமான உறுப்பினரின் வராமையைக் குழு வருத்தத்துடன் குறித்துக்கொண்டது. பழைய மோடத்தைக் கழிவாக்கலாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆனால் அதை எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று சரிபார்க்க வேண்டும். கொள்முதல் கோப்பு பெட்டியில் இருக்கிறது.

எனவே குழு வேறு ஒரு தீர்வு கண்டது. அதன் பெயர் பதிவின்மைச் சான்று. வாசகம் இது: ‘இதனைக் கொண்டு வரும் திரு. ........ என்பவரைப் பற்றிய பதிவு எதுவும் வாரியத்திடம் இல்லை என்று இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது. அன்னார் மறு உத்தரவு வரும் வரை கடலில் மூழ்கலாம்.’

முதல் சான்று பாஸ்கலுக்கு. கோபுர முத்திரை மாதிரி ஒன்று, பச்சை மையில் கையெழுத்து. அதைப் பார்த்ததும் பாஸ்கல் என் கடைக்கு ஓடி வந்தார். “அண்ணாச்சி, தண்ணியில போற சோலி. நல்ல கெட்டியா லேமினேஷன் போடுங்க.” போட்டேன். நான் போடுகிற லேமினேஷன் கடலில் பத்து வருஷம் கிடந்தாலும் உரியாது. இரண்டே நாளில் நூற்றுப்பன்னிரண்டு பேர் சான்று வாங்கினார்கள். நூற்றுப்பன்னிரண்டுக்கும் நானே லேமினேஷன் போட்டேன்.

நம் ஜனங்களையும் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி ஒரு பதிவும் இல்லை என்பதற்கே அரசாங்கச் சான்று வைத்திருப்பவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சாகுபுரத்துத் தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கும் ஒருவர், கடலில் கால் நனைக்காதவர், “எனக்கும் ஒண்ணு வாங்கித் தர முடியுமா? பையன் அட்மிஷனுக்கு ஒதவும்லா” என்று கேட்டு வந்தார். கல்யாணத் தரகர் ஒருவர் மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு இதையும் சேர்த்து ஜெராக்ஸ் எடுத்தார்.

சனிக்கிழமை, பாஸ்கலும் நானும் மறுபடி மில்லர்புரம் போனோம். சான்றின் நகலில் சீல் வேண்டும் என்று வள்ளக்காரர் கேட்டிருந்தார். வள்ளம் திங்கட்கிழமை கிளம்புகிறது. நாங்கள் போன நேரம், சீனித்தாய் கையில் இரண்டாவது குறிப்பாணை இருந்தது. இந்தத் தடவை மோர்மிளகாய்.

“ரெண்டு வாரமா என் வீட்டு ஃபிரிட்ஜக் கலெக்டர் ஆபீஸ் ஆக்கிட்டிய!” என்றார் அவர். “அந்த அண்ணன் அன்னைக்கே சொல்லுதாவ, வயர மாத்துன்னு. இந்தா, மாத்தியாச்சி!” பழைய மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கி, புதியதில் சொருகிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வினாடி வேலை.

லேப்டாப்பில் பெட்டியின் பெயர் தெரிந்தது.

மந்திரமூர்த்தி பெட்டியைத் திறந்தார். பாஸ்கலின் கோப்பும் திறந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய போட்டோ. அரும்பு மீசை, வாரிச் சீவிய தலை. பாஸ்கல் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “நாந்தான் சார்! அண்ணாச்சி, பாருங்க, நாந்தான்! இப்பம் அட்டையப் புதுப்பிச்சிருங்க சார்.”

“எப்பிடி வே முடியும்? ஒமக்குப் பதிவு இல்லைன்னு வாரியம் சான்று குடுத்திருக்கு. பதிவு இல்லாத ஆளுக்குப் பதிவு இருந்தா அது போலிப் பதிவுல்லா?”

“அப்பம் சான்ற ரத்து பண்ணுங்க.”

“அதுதான் மொற.” நிம்மதியாக, ‘ரத்து’ என்ற சிவப்பு சீலை எடுத்து மையில் ஒற்றிச் சான்றின் மேல் குத்தினார். எழுத்து விழவில்லை. மை பிளாஸ்டிக்கில் வழுக்கி ஒரு மூலையில் போய்ச் சேர்ந்தது. துடைத்துவிட்டு மறுபடி குத்தினார். மறுபடி வழுக்கியது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை.

“யாரு அண்ணாச்சி இதுக்கு லேமினேஷன் போட்டது?”

என் தொழில் திறமையை நினைத்து நான் வெட்கப்பட்டது அன்று ஒருநாள்தான்.

“கிழிச்சிருவோம் சார்” என்றார் பாஸ்கல்.

“வாரிய ஆவணத்தக் கிழிச்சா ரெண்டு பேரும் உள்ள போவணும்.”

“ஓரமா வெட்டி, பிளாஸ்டிக்க மட்டும் உரிப்போம்.”

“அப்பம் அது சேதமான ஆவணம். புது நகல் வாங்கித்தான் ரத்து பண்ணணும். நகல் வாங்கணும்னா ஒமக்குப் பதிவு இருக்கக் கூடாது.” அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இது மாதிரி நூத்திப்பன்னெண்டு இருக்கு.”

போன் அடித்தது. ரம்யா. “சார், இங்க ஸ்கிரீன்ல லைட் பச்சையா தெரியுது. எதாவது பிரச்சினையா?”

“பாத்துக்கிட்டு இருக்கேம்மா.”

பாஸ்கல் திரையையும் சான்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “சார், பெட்டி தெரியலன்னா எஞ் சான்று செல்லுமா?”

“செல்லும்.”

“தெரிஞ்சா?”

“சான்றும் செல்லாது. அட்டையும் கெடையாது.”

“தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டா?”

“கேக்கலாம். மறு உத்தரவு வரணும்.”

பாஸ்கல் எழுந்தார். டிவி பக்கம் போனார். மந்திரமூர்த்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்க்க ஆரம்பித்தார். இந்த ஊரில் கோளாறு எங்கே என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே மனிதர், புது மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கி, மண்டி போட்டு, பழைய மோடத்தில் தன் கையாலேயே சொருகினார். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்தும் பார்த்தார். திரையில் அரும்பு மீசை மறைந்தது.

“பெட்டியக் காணும்” என்றார் மந்திரமூர்த்தி. அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில். நகலை வாங்கி, ‘உண்மை நகல்’ என்று சீல் குத்தினார். காகிதத்தில் அது பளிச்சென்று விழுந்தது.

“வெக்கங்கெட்ட ஆளுவ” என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் மூன்று பேரில் யாரைச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுபடியும் ரம்யா. “சார், லைட் நீலமாயிடுச்சு. பிரச்சினை தீர்ந்துதா?”

“தீந்துட்டும்மா.”

“ரொம்ப சந்தோஷம் சார். அங்க இருக்கிற எல்லாரோட நம்பரும் குடுங்க. ஒரு மெசேஜ் வரும். எங்க சேவைக்கு ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும்.”

மூன்று போனும் ஒன்றாகச் சிணுங்கின. மந்திரமூர்த்தி ஐந்தை அழுத்தினார். அதற்கு மேல் எண் இல்லை. பாஸ்கலும் ஐந்தை அழுத்தினார். “கடலுக்குப் போறேன் அண்ணாச்சி. கொறச்சுப் போட்டு எதுக்கு வம்பு?” என்றார்.

நான் என்ன போட்டேன் என்று கேட்பீர்கள். ஒன்றைத்தான் அழுத்தினேன், முதலில். உடனே ஒரு படிவம் திறந்தது: குறை என்ன என்று விவரமாக எழுதி, ஆதாரங்களை இணைத்து, தூத்துக்குடி வட்டார அலுவலகத்தின் பெட்டியில் சேமிக்க வேண்டுமாம். திரும்பிப் போய் ஐந்தை அழுத்தினேன். நீங்களும் அதைத்தான் அழுத்தியிருப்பீர்கள். ‘நன்றி, தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது’ என்று பதில் வந்தது.